கடைசி இருபது நிமிடம்

"ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போ மச்சான்" என்று ஆதம்பாவா தொலைபேசியில் கேட்டபோது, அவருக்குக் கண்பார்வை முற்றாகப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சீனி வருத்தம் முதலில் ஒரு கால்விரலைக் கொண்டுபோனது. பிறகு இரண்டு கண்களையும்.

வின்சன்ட் உடனே பதில் சொல்லவில்லை. ஓர்ஸ் ஹில் வீட்டின் முன்னறையில் கதிரையில் இருந்தபடி, மடியில் கிடந்த புத்தகத்தை மூடினார். எதற்கும் உடனே பதில் சொல்லாமல் இருப்பது அவருடைய பழக்கம். அவர் மாதாமாதம் பேசும் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகள் அதை ஆழம் என்று எண்ணினார்கள். ஆதம்பாவாவிடம் அந்த மரியாதை கிடையாது.

"என்ன, லைன் வெட்டுப்பட்டுட்டா? இல்ல யோசிக்கிறியா? நீ வாயைத் திறக்கிறதெண்டா காணி உறுதி முடிக்கிற மாதிரி."

"என்ன படம்?"

"கையுறைக்காரன். டவுனுக்கு வந்திரிக்காம். தமிழ்லயே கதைக்கிறானுவளாம். கதைக்கிறத நான் கேட்டுக்கொள்ளுவன். மத்தத நீ சொல்லு."

கையுறைக்காரனைப் பற்றி அந்த மாதம் ஊரில் கேள்விப்படாதவர்கள் இல்லை. ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் லொறி திருத்துகிறவன். வெறுங்கையால் எதைத் தொட்டாலும் அதற்கு எடை இல்லாமல் போய்விடும். ஆனால் தூக்கியதன் பாரம் முழுக்கப் பிறகு அவன் உடம்பில் வந்து இறங்கும். அதனால் எந்நேரமும் பச்சைக் கையுறை போட்டிருப்பான். வேறு வழியே இல்லாதபோதுதான் அதைக் கழற்றுவான்.

வின்சன்ட்டுக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் இப்படிப்பட்ட படங்களைப் பற்றி ஒரு சிற்றிதழில் கட்டுரை எழுதியிருந்தார். செருப்பைப்போல மூளையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கான படங்கள் என்று அதில் ஒரு வரி. வாசிப்பு வட்டத்தை நடத்தும் கீர்த்தனி ரீச்சர் அந்த வரியை எழுந்து நின்று வாசித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். வின்சன்ட் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அந்தக் கைதட்டல் அவருடைய காதுக்குள் இனித்துக்கொண்டே வந்தது. கட்டுரைக்காக அவர் அப்படியான ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்திருக்கவில்லை. அது அவருக்கு மட்டும் தெரிந்த விசயம்.

என்றாலும் ஆதம்பாவாவிடம் ஏலாது என்று சொல்ல அவரால் முடியவில்லை. இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்துநாலு வயதுவரை அவர் ஆதம்பாவாவின் கண்ணாக இருந்தவர்.

அப்போது இருவரும் துறைமுகத்தில் வேலை. ஆதம்பாவா பாரந்தூக்கியை இயக்குபவர். உயரத்தில் அந்தச் சின்னக் கூண்டுக்குள் இருந்தால் கப்பலின் அடிவயிறு தெரியாது. கீழே ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், மூட்டைகள் எங்கே இறங்குகின்றன, ஒன்றும் தெரியாது. தெரிவதெல்லாம் கப்பல் தட்டின் விளிம்பில் நிற்கும் சிக்னல்காரனின் கை மட்டுந்தான். அந்தக் கை வின்சன்ட்டுடையது. கை ஏறினால் பாரம் ஏறும். கை தாழ்ந்தால் பாரம் தாழும். கை நின்றால் எல்லாம் நிற்கும்.

ஒருநாள் உயர்த்திய கையில் ஒரு குளவி வந்து இருந்துவிட்டது. வின்சன்ட் மூச்சையும் விடாமல் நின்றார். மேலே நாலு தொன் சீமெந்து அந்தரத்தில் தொங்கியது. ஃபோர்மன் கீழேயிருந்து தூசணத்தால் ஏசினார். ஆதம்பாவா அசையவில்லை. குளவி பறந்து, கை தாழ்ந்த பிறகுதான் பாரம் இறங்கியது. "பதினொரு நிமிசம்" என்று ஆதம்பாவா முப்பது வருடமாக எல்லாருக்கும் சொல்லிவருகிறார். "இவன்ட கை அசையாம நான் அசைய மாட்டன். ஜனாதிபதி வந்து சொன்னாலும் மாட்டன்."

பிறகு வின்சன்ட் பரீட்சை எழுதி, எழுத்து வேலைக்குக் கந்தோருக்குள் போய்விட்டார். புத்தகங்கள் வந்தன. சேர் என்று கூப்பிட ஆட்களும் வந்தார்கள்.

புதன்கிழமை பகல் காட்சி. ஆதம்பாவாவின் ஊரான கிண்ணியாவிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து அவரை இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார் வின்சன்ட். ஆதம்பாவா வெள்ளைச் சேட்டு, அத்தர் வாசம் என்று பெருநாளுக்குப் புறப்பட்டதுபோல இருந்தார். பாடசாலை விட்ட நேரம் என்பதால் படமாளிகை முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

படம் தொடங்கியது. வின்சன்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இப்ப ஒரு நகரத்தைக் காட்டுகினம். மாலைநேர வெளிச்சம். ஒரு விதமான தனிமை தெரியுது."

"ரேடியோச் செய்தி வாசிக்காத மச்சான். அவன் எங்க?"

"லொறிக்குக் கீழ கிடக்கிறான்."

"கையுறை போட்டிரிக்கானா?"

"ஓம். ஒண்டில ஓட்டை. சுண்டுவிரல் தெரியுது."

"ஆ!" என்றார் ஆதம்பாவா. "அந்த விரல் எதிலயோ படப்போகுது. பாரு."

பட்டது. லொறி ஒரு சாண் உயரம் எழும்பி மிதந்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை கத்தியது. வின்சன்ட் சொல்லி முடிப்பதற்குள் ஆதம்பாவா தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வின்சன்ட்டை என்னவோ செய்தது. முதல் அரை மணித்தியாலத்துக்குள் அவருடைய நல்ல தமிழ் எல்லாம் கழன்று விழுந்துவிட்டது. "வாறான், கூரையில ஓடி வாறான், பிடிச்சிட்டான், இல்லடா, கைதவறிட்டுது, விழுறான்" என்று சொல்லிக்கொண்டே போனார். தன் கை ஆதம்பாவாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருப்பதையும் அவர் கவனிக்கவில்லை.

இடைவேளையில் விளக்குகள் எரிந்தன. வின்சன்ட்டின் நெற்றி வியர்த்திருந்தது.

"நல்லாத்தான் சொல்றாய்" என்றார் ஆதம்பாவா. "இத்தன வருசமா இந்த வாய எங்க ஒளிச்சு வெச்சிருந்தாய்?"

"உனக்கு இதில என்ன பிடிக்குது? அவன்தான் வெல்லுவான் எண்டு தெரியும்தானே."

ஆதம்பாவா கொஞ்சம் யோசித்தார். "மச்சான், என்ட வாழ்க்கையில ஒரு ஆளும் நேரத்துக்கு வந்ததில்ல. டொக்டர் வரல்ல, பென்சன் வரல்ல, மழையும் வரல்ல. இவன் வாறான் பாத்தியா, நேரத்துக்கு. அத ரெண்டு மணித்தியாலம் இருந்து பாக்கிறதுக்கு என்ன?"

வின்சன்ட் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் கீர்த்தனி ரீச்சரைக் கண்டார். கையில் கச்சான் கடலைச் சரையோடு, கணவனுக்குப் பின்னால் வந்து, இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்தார்.

விளக்கு அணைந்தது. வின்சன்ட் கதிரையில் சரிந்து தாழ்ந்தார். இரண்டு வரிசை என்பது ஐந்து முழம். அவர் கதைத்தால் அந்தக் குரல் அங்கே கேட்கும். அந்தக் குரலைத்தான் கீர்த்தனி ரீச்சர் மாதம் ஒருமுறை குறிப்பெடுத்துக் கேட்கிறவர். அவர் திரும்பினால் என்ன காண்பார்? செருப்பையும் மூளையையும் பற்றி எழுதிய மனிதன் வேட்டி நழுவுவதுகூடத் தெரியாமல் "விழுறான்டா" என்று கத்திக்கொண்டிருப்பதை.

இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரம் கதாபாத்திரங்கள் கதைத்துக்கொண்டிருந்ததால் தப்பினார். ஆனால் கடைசி இருபது நிமிடம் அப்படியில்லை. அதில் ஒருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. இரும்பு கிழிபடும் சத்தம், இசை, மூச்சு, சனங்களின் கூச்சல், அவ்வளவுதான்.

"என்ன நடக்குது?" என்றார் ஆதம்பாவா.

வின்சன்ட் அவருடைய கையை மெல்ல அழுத்தினார். பொறு என்பதுபோல.

"மச்சான், என்ன சத்தம் அது? பாலமா?"

"ம்."

"அவன் எங்க?"

வின்சன்ட் கதிரையில் இன்னும் தாழ்ந்தார். நெற்றியில் கையை வைத்து முகத்தை மறைத்துக்கொண்டார். திரையையும் பார்க்கவில்லை. கீர்த்தனி ரீச்சரின் தலையின் பின்புறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், அது திரும்புமா என்று. படமாளிகை எழுந்து நின்று விசிலடித்தது. ஆதம்பாவாவும் எழுந்து நின்றார். எதற்கென்று தெரியாமல், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, சத்தம் வந்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பி நின்றார்.

அந்த நிற்பை வின்சன்ட் கண்டார். கண்டும் வாய் திறக்கவில்லை.

பெயர் எழுத்துகள் ஓடத் தொடங்கியதும், "சனம் நெருக்கப்போகுது, வா" என்று அவரை வேகமாக வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கிண்ணியா பஸ்ஸில் யன்னலோரம் இருந்தபடி ஆதம்பாவா கேட்டார்:

"இப்பவாவது சொல்லு. கடைசியில என்ன நடந்த?"

நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு இரண்டு சொல் போதும். ஆனால் ஏன் பார்க்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். வின்சன்ட் வெளியே பார்த்தார். பிறகு ஒரு முடிவைத் தானே கட்டினார். நல்ல கதை ஒன்று எப்படி முடிய வேண்டும் என்று அவர் இத்தனை காலம் நம்பினாரோ அப்படி.

"பாலம் விழுந்திட்டுது. அவன் அதைத் தாங்கிக்கொண்டு நிண்டான். சனமெல்லாம் தப்பினாப் பிறகு பாரம் முழுக்க அவனுக்கு மேல இறங்கிச்சு. செத்துப்போனான்."

"செத்துப்போனானா?"

"ஓம்."

"ஆனா சனம் விசிலடிச்சதே."

"அது... எதிரி விழுந்ததுக்கு."

ஆதம்பாவா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. சில்லுகளின் சத்தம் மாறியதைக் கேட்டு அவர் தலையை உயர்த்தினார். "பாலம், என்ன?" என்று மட்டும் கேட்டார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டதை வின்சன்ட் பார்க்காததுபோல இருந்தார்.

சனிக்கிழமைகளில் ஓய்வுபெற்ற துறைமுக ஆட்கள் ஏழெட்டுப் பேர் உள்துறைமுகத்துப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் கூடுவார்கள். ஆதம்பாவாவை அவருடைய மகள் மின்ஹா கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, மருந்து எடுக்கப் போவாள். அந்தக் காலத்தில் சாப்பாட்டு நேரத்தில் படக்கதை சொல்வதில் ஆதம்பாவாவை மிஞ்ச ஆள் கிடையாது. பார்த்த படத்தையே மறுபடி அவர் வாயால் கேட்கப் பசியோடு நின்றவர்கள் உண்டு. கண் போன பிறகு அவர் ஒரு படமும் சொல்லவில்லை. அன்று சொன்னார்.

கையை விரித்து, மூச்சைப் பிடித்து, லொறி மிதந்ததை மேசையிலிருந்த கோப்பையைத் தூக்கிக் காட்டினார். கடைக்காரரும் வந்து நின்றார். வின்சன்ட் மூலைக் கதிரையில் குளிர்ந்துபோன தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை பாலத்துக்கு வந்தது. ஆதம்பாவாவின் குரல் தாழ்ந்தது.

"ஒரு ஆள் மிச்சமில்லாம அனுப்பிட்டான். பிறகு பாரம் இறங்கினது. மெல்ல, மெல்ல. நாலு தொன் இல்ல, நாலாயிரம் தொன். அப்பிடியே மௌத்தாப் போனான்."

பிறகு பாயிஸ் சிரிக்கத் தொடங்கினார். அவர் முன்னாள் பாரவூர்திச் சாரதி. வாய் நீளம்.

"என்ன பாவா சொல்றாய்? ஆரு மௌத்தானது? நான் மகளோட போய்ப் பாத்தனான். அவன் சாகல்ல. பேர் எழுத்து முடிஞ்ச பிறகும் வந்து லொறிக்குக் கீழ படுத்துக்கொண்டு இளிக்கிறான். கண்தான் போன எண்டா காதுமா போன ஒனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு அல்ல, பழைய சிநேகிதர்களின் சிரிப்புத்தான். ஆதம்பாவாவின் விரித்த கைகள் காற்றில் அப்படியே நின்றன.

வின்சன்ட் கதிரையின் நுனிக்கு வந்தார். இப்போது சொல்ல வேண்டும். பாவா பிழை சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று. சரியான சொல்லைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

ஆதம்பாவா முகத்தை மூலைக் கதிரையின் பக்கம் திருப்பினார். அங்கே யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் காத்திருந்தார். குளவி இருந்த அன்று காத்திருந்ததுபோல.

பிறகு கைகளை மடியில் இறக்கினார்.

"நான்தான் பிழையா விளங்கிக்கொண்டன் போல" என்றார். "அங்க சரியான சத்தம். வின்சன்ட் சரியாத்தான் சொன்னவன். எனக்குக் கேக்கல்ல."

வின்சன்ட் தேத்தண்ணியைக் குடித்தார்.

மறுநாள் வாசிப்பு வட்டம். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது கீர்த்தனி ரீச்சர் வெட்கத்தோடு சிரித்தார்.

"சேர், கோபிக்காதேங்கோ. உங்கட கட்டுரையை வாசிச்சுக் காட்டின நானே கையுறைக்காரனை ரெண்டு தரம் பாத்திட்டன்."

"புதன்கிழமை பகல்" என்றார் வின்சன்ட்.

"ஓம். எப்பிடித் தெரியும்? நீங்களும் வந்தனீங்களா? நான் காணேல்லயே! நான் ஒருத்தரையும் காணேல்ல சேர். அவன் கையுறையைக் கழட்டுவான் எண்டு தெரியும்தானே. ஆனா எப்ப, எப்ப எண்டு இருக்கிற அந்தத் தவிப்பு இருக்கே. கடைசியில பக்கத்தில இருந்த முன்னப்பின்னத் தெரியாத மனிசியின்ர கையைப் பிடிச்சிட்டன். அவவும் என்ர கையை விடேல்ல."

வின்சன்ட் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தார். அந்தத் தலை ஒருமுறைகூடத் திரும்பியிருக்கவில்லை. திரும்பும் எண்ணமே அதற்கு இருந்திருக்கவில்லை. யாரும் பார்க்காத ஒரு பார்வைக்குப் பயந்து அவர் ஆதம்பாவாவை இருட்டுக்குள் தனியே நிறுத்தி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை ஆதம்பாவாவின் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மின்ஹாதான் கதைத்தாள்.

"வாப்பா தொழுறார் அங்கிள். நாளைக்கு நானும் அவரும் படத்துக்குப் போறம். அதே படந்தான். கடைசிய ஒழுங்காக் கேக்கணுமாம்."

"நான் கூட்டிக்கொண்டு போறனே பிள்ளை."

"வேணாம் அங்கிள். ஒங்களுக்கு அது அலுப்பாம், திரும்பக் கேட்டுக் கரைச்சல் குடுக்க ஏலாது எண்டு வாப்பா சொன்னவர்."

செவ்வாய்க்கிழமை வின்சன்ட் தனியாகப் போனார். விளக்கு அணைந்த பிறகு உள்ளே நுழைந்து, அத்தர் வாசம் பிடித்து நடந்து, அவர்களுக்கு நேர் பின்னால் இருந்துகொண்டார். திருடப் போனவனைப்போல இருந்தது. செருமவும் பயம்.

மின்ஹா கதை சொல்லிய விதம் படுமோசம். "வாப்பா வாறான் வாறான்! ஐயோ! இல்ல, அது வேற ஆள். அவன்ட மூக்கப் பாக்கணுமே வாப்பா, றுவைஸ் மாமாட மூக்கு!" பாதியைத் தவறாகச் சொன்னாள். பாதியைச் சொல்லாமல் சிரித்தாள். ஆதம்பாவாவின் தோள்கள் குலுங்கின. வின்சன்ட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவளுடைய வாயிலிருந்து விழும் துண்டுகளைக் கொண்டு அந்த நகரத்தையும் கூரைகளையும் தானே கட்டிப் பார்த்தார். அடுத்த துண்டு எப்போது விழும் என்று மனம் தவித்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் பொறுக்க முடியவில்லை. இதைத்தான் ஆதம்பாவா தன்னிடம் கேட்டார் என்று அப்போது விளங்கியது. முகம் சுட்டது.

பாலம் உடையத் தொடங்கியது. வின்சன்ட் கண்ணைத் திறந்தார்.

"பஸ் தொங்குது வாப்பா" என்றாள் மின்ஹா. "அவன் கீழ கிடக்கான். அவனுக்கு ஏலாது. அவன்..." அவளுக்குக் குரல் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்ன? மின்ஹா? அவன் என்ன?"

அவள் தலையை ஆட்டினாள். தலையாட்டுவதை அவர் எப்படிக் காண்பது?

"என்னடி புள்ள நடக்குது?"

வின்சன்ட் முன்னால் சாய்ந்தார். ஆதம்பாவாவின் தோளில் கை வைத்தார்.

"அவன் சாகேல்ல" என்றார். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. அக்கம்பக்கத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "நான் அண்டைக்குப் பாக்கேல்ல பாவா. முகத்தை மூடிக்கொண்டு இருந்தனான். உனக்குப் பொய் சொன்னனான்."

ஆதம்பாவா திரும்பவில்லை. தோள் இறுகியது. திரையில் இரும்பு முனகியது. வின்சன்ட்டின் கை அந்தத் தோளில், தட்டிவிடப்படுமா என்று தெரியாமல், அசையாமல் கிடந்தது.

"படம் ஓடுதா நிண்டுட்டா?" என்றார் ஆதம்பாவா.

"ஓடுது."

"அப்ப ஒன்ட பாவமன்னிப்ப பாதர்ட்டப் போய்ச் சொல்லு. எனக்கு அவன்ட கையச் சொல்லு."

வின்சன்ட் திரையைப் பார்த்தார். கண் கலங்கியதில் திரையே மங்கியது. துடைத்துக்கொண்டார்.

"கல்லுக்குக் கீழ கிடக்கு. வலக்கை. கையுறை கிழியேல்ல. இறுக்கமா இருக்கு. பஸ் சரியுது. ஒரு பொம்பிளை பிள்ளையை யன்னலால வெளிய நீட்டிப் பிடிக்கிறா. இன்னும் அவன் அசையேல்ல."

"ம்."

"விரல். சுண்டுவிரல் அசைஞ்சது."

"ம்!"

"கையை வெளிய இழுத்து வாய்க்குக் கொண்டு போறான். ஏலாம இருக்கு. கொண்டு போறான். பல்லால கடிக்கிறான் கையுறையை. இழுக்கிறான். வருது, வருது..."

"இழுத்துக்கொண்டிராத, சொல்லித் துலை!"

"கழட்டிட்டான்டா!"

படமாளிகை எழும்பியது. ஆதம்பாவாவும் எழுந்தார். இந்த முறை சனம் கத்தியதற்கு முன்னால் அவர் கத்தினார். வலக்கை தானாக முன்னால் போய், இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்து, மெல்லப் பின்னால் இழுத்தது. வின்சன்ட் அந்தக் கையைப் பார்த்தபடி, கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, பாலம் ஏறுவதை ஓரடி ஓரடியாகச் சொன்னார். இரண்டு வரிசைக்கு அப்பால் யாரோ "பெரிசு, சத்தத்தைக் குறையுங்கோ" என்று கத்தினார்கள். அவர் குறைக்கவில்லை.

பெயர் எழுத்துகள் ஓடத் தொடங்கியபோது ஆட்கள் வெளியேறினார்கள். மின்ஹா மூக்கைத் துடைத்துக்கொண்டு, பின்னால் நின்ற வின்சன்ட்டைக் கண்டு, "அங்கிள், நீங்க எப்ப வந்த?" என்றாள்.

"பின்னால இருந்தாத்தான் அவனுக்குக் கதை வரும் போல" என்றார் ஆதம்பாவா. இன்னும் திரும்பவில்லை. கதிரையில் இருந்தபடி முகத்தைத் திரையின் பக்கமே வைத்திருந்தார். குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று வின்சன்ட்டால் சொல்ல முடியவில்லை.

"சனிக்கிழமை நான் கடையில சொல்லுவன்" என்றார் வின்சன்ட். "பாயிசுக்கு முன்னால. எல்லாருக்கும் முன்னால."

ஆதம்பாவா பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் நீண்டது. வின்சன்ட் தன் வாழ்க்கையில் எத்தனையோ பேரை இப்படிக் காக்க வைத்திருக்கிறார். காத்திருப்பவனுக்கு அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் நின்று பார்த்தார்.

"பேர் எழுத்து முடிஞ்சிட்டா?" என்று கடைசியில் ஆதம்பாவா கேட்டார்.

"இன்னும் இல்ல. ஓடுது."

"எத்தின பேர்?"

"கனபேர்."

"அப்ப இரு. அவன் இளிக்கிறதையும் சொல்லிட்டுப் போ."

வின்சன்ட் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் அல்ல, பின்னால், இருந்த இடத்திலேயே. வெறுமையான படமாளிகையில், அந்நிய எழுத்தில் ஏறிக்கொண்டிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக, தனக்குத் தெரிந்தமட்டில், சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.